உள்ளடக்கம் அறியேன்

கால்நடை மருத்துவக் கல்லூரியின் விண்ணப்பத்தில் பதினொன்றாவது விதி இப்படி இருந்தது: ‘விண்ணப்பதாரர் எவரின் கீழ் மூன்றாண்டுகளுக்குக் குறையாமல் பணிபுரிந்தாரோ அவர், விண்ணப்பதாரர் பற்றிய தமது சொந்தக் கருத்தைத் தமது சொந்தச் சொற்களில் எழுதி, மந்தணமாக முத்திரையிட்டுத் தருதல் வேண்டும். அதன் உள்ளடக்கத்தை விண்ணப்பதாரர் பார்த்தலோ, அறிதலோ, ஊகித்தலோ கூடாது.’

டிரஸ்ஸர் அக்கா அதை நான்கு தடவை படித்தாள். கால்நடை ஆஸ்பத்திரியில் புண்ணைக் கழுவி மருந்து வைத்துக் கட்டுப் போடுகிறவரை டிரஸ்ஸர் என்பார்கள். பன்னிரண்டு வருஷமாக அந்த வேலையைச் செய்ததில், அவளுடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் மிஞ்சியிருந்தது. பணியில் இருப்பவர்களுக்கென்று கல்லூரி நான்கு இடம் ஒதுக்கியிருந்தது. வயது வரம்பு முப்பத்து மூன்று. அதைத் தாண்ட அவளுக்கு இன்னும் ஐந்து வாரம். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு எல்லாத் தாள்களோடும் நேர்காணலுக்கு வரவேண்டும். அன்று திங்கட்கிழமை.

அவள் பெரிய டாக்டரின் அறைக்குப் போனாள். அந்த ஆஸ்பத்திரியில் சின்ன டாக்டர் என்று யாரும் கிடையாது. இருந்தாலும் அவர் பெரிய டாக்டர்தான்.

“பரிந்துரைக் கடிதமா? தாராளமா. நீயே எழுதிக் கொண்டா, கையெழுத்துப் போடறேன்.”

“சார், விதியில நீங்க சொந்தமா எழுதணும்னு போட்டிருக்கு.”

“கையெழுத்து என்னோட சொந்தக் கையெழுத்துதானே? வேற யாரோடதாவது போடப் போறேனா?” அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “இதோ பாரும்மா. இருபது வருஷத்துல என் பேர்ல நூறு கடிதமாவது போயிருக்கும். எல்லாரும் பாராட்டியிருக்காங்க. ‘டாக்டர், உங்க நடை வருஷத்துக்கு வருஷம் மாறுது, எப்படி சார்’னு கேக்கறாங்க. நான் ஒரு வரிகூட எழுதினதில்லை. எழுதினா என் கருத்து உள்ள வந்துடும். கருத்து வந்தா நடுநிலை போயிடும்.”

அவள் தலையாட்டினாள். அந்த அறையில் அதைத் தவிர வேறு எதையும் செய்து அவளுக்குப் பழக்கமில்லை.

மாலையில் சமையலறை மேஜையைத் துடைத்துவிட்டு எழுத உட்கார்ந்தாள். லாரி ஷெட்டிலிருந்து வந்த கணவன் கையில் கிரீஸைத் தேய்த்துக் கழுவி முடிக்கும்வரை தாள் வெள்ளையாகவே இருந்தது. அவன் சாப்பிட்டு முடித்தபோது இரண்டு வரி வந்திருந்தது: ‘இவர் தினமும் நேரத்துக்கு வருவார். சொன்ன வேலையைச் செய்வார்.’

கணவன் எட்டிப் பார்த்தான். “என்ன இது, வாட்ச்மேன் வேலைக்கு ஆள் அனுப்பற மாதிரி இருக்கு?”

“என்னைப் பத்தி நானே எப்படிங்க எழுதறது? வெக்கமா இருக்கு.”

“உன்னைப் பத்தி எழுதாத. உங்க டாக்டர் உன்னைப் பத்தி எழுதற மாதிரி எழுது.”

“அவருக்கு என்னைப் பத்தி என்ன தெரியும்?”

அவன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனான்.

இருந்தும் அவள் ஒரு பக்கம் எழுதினாள். கடிக்கிற நாயின் வாயை எப்படிக் கட்டுவாள், கன்று மாட்டிக்கொண்ட பசுவிடம் எவ்வளவு நேரம் கை வைத்துக்கொண்டு நிற்பாள் என்றெல்லாம், வேறு யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்வதுபோல. எழுதி முடித்ததும் அந்த ஒருத்தியை அவளுக்கே கொஞ்சம் பிடித்துப் போயிற்று.

செவ்வாய்க்கிழமை பெரிய டாக்டர் அதை வாங்கிப் படித்தார். முகம் சுருங்கியது.

“இதுல நான் எங்க?”

“சார்?”

“முழுக்க உன்னைப் பத்தியே எழுதியிருக்கியே. பரிந்துரைக்கிறவன் யாருன்னே தெரியாம பரிந்துரைக்கு என்ன மதிப்பு? நாளைக்கு ஒருத்தன் ‘யார்யா இந்த டாக்டர்’னு கேட்டா உனக்குத்தான் நஷ்டம். உன் நல்லதுக்குச் சொல்றேன். என்னைப் பத்தி எழுது.”

அவர் சொல்லச் சொல்ல அவள் குறித்துக்கொண்டாள். வெளிநாட்டில் அவர் பெற்ற ஒன்பது நாள் பயிற்சி. கோமாரி நோய் பற்றி அவர் ஆற்றவிருந்து, மழையால் ரத்தான உரை. ஆஸ்பத்திரிச் சுவருக்குப் பச்சை நிறம் தேர்ந்தெடுத்தது. புதன்கிழமை மதியம் கடிதம் நான்கு பக்கம் ஆகியிருந்தது. அதில் மூன்றேகால் பக்கம் பெரிய டாக்டர். மிச்சத்தில் அவளுக்கும் ஒதுங்க இடமிருந்தது.

“இப்பதான் கடிதம் மாதிரி இருக்கு,” என்றார் அவர். “படிவத்துல ‘விண்ணப்பதாரரின் குறை ஒன்று’ன்னு கேட்டிருக்கானே, அதுக்கு என்ன போட்ட?”

“எழுத்து வேலையில கொஞ்சம் மெதுவுன்னு, சார்.”

“அடடா. குறைன்னா குறையா எழுதிடறதா? குறை மாதிரி தெரியணும், ஆனா குறையா இருக்கக் கூடாது. ‘அளவுக்கு மீறி உழைக்கிறார்’னு போடு. எல்லாருக்கும் அதைத்தான் போடறது.” பேனாவை மூடியவர் ஏதோ ஞாபகம் வந்து நிமிர்ந்தார். “முக்கியமானதை விட்டுட்டியே. அந்த நாய் கேஸ்! அதையும் சேரு. அவசர ஆபரேஷன் நான் பண்ணேன், நீ பக்கத்துல டார்ச் பிடிச்ச. என் மேற்பார்வையில நீ என்ன கத்துக்கிட்டன்னு அதுல தெரியும்.”

அவர் தலைக்கு மேலே, கண்ணாடிச் சட்டத்துக்குள், அந்த அறுவை சிகிச்சைக்காக இலாகா கொடுத்த நற்சான்றிதழ் தொங்கியது.

நடந்தது வேறு. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு பகல் பன்னிரண்டு மணிக்குக் காய்கறி வண்டிக்காரர் ஒருவரின் கறுப்பு நாய்க்குப் பெரிய டாக்டர் கருப்பை எடுத்தார். ஒரு மணிக்குத் தன்னுடைய பாராட்டு விழாவுக்குக் கிளம்பிப் போனார். இரண்டரை மணிக்கு நாயின் ஈறு காகிதம்போல வெளுத்தது. வயிறு கனத்தது. டிரஸ்ஸர் அக்கா பதினோரு தடவை அவருக்குப் போன் செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வண்டிக்காரர் சுவரோரம் உட்கார்ந்து நாயின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் கையைக் கழுவிக்கொண்டு தையலைப் பிரித்தாள். முடிச்சு நழுவிய ரத்தக் குழாயைத் தேடிப் பிடித்துக் கட்டினாள். மறுநாள் கேஸ் தாளில் பெரிய டாக்டரின் பெயர் இருந்தது. அவள் எதுவும் சொல்லவில்லை. டாக்டர் இல்லாதவள் கத்தி எடுத்தால் வேலை போய்விடும் என்று அவளுக்குத் தெரியும்.

வியாழக்கிழமை காலை ஆபீஸ் கம்ப்யூட்டரில் கடிதத்தைச் சுத்தப் பிரதியாக அடிக்க உட்கார்ந்தாள். முதல் மூன்று பக்கம் தடையில்லாமல் ஓடியது. நான்காம் பக்கத்தில், ‘அப்போது இவர் அருகில் டார்ச் பிடித்து’ என்ற இடத்தில் விரல் நின்றது. பொய்யைக் கேட்டு அவள் சும்மா இருந்திருக்கிறாள். அது ஒரு மாதிரி. தன் கையாலேயே தன்னைப் பற்றி அதை எழுதுவது வேறு மாதிரி என்று விரல் நின்ற பிறகுதான் தெரிந்தது. வெளியே ஒரு எருமை கத்திக்கொண்டிருந்தது. அவள் அந்த வரியை அழித்தாள். அந்த இடத்தில் ஒன்பது வாக்கியம் அடித்தாள். ‘அன்று நான் ஆஸ்பத்திரியில் இல்லை’ என்று ஆரம்பித்தது அது. ‘இவர் செய்யாவிட்டால் நாய் செத்திருக்கும்’ என்று முடிந்தது. பிரிண்டரிலிருந்து வந்த நான்கு தாளையும் வரிசையாக அடுக்கினாள்.

ஒரு மணிக்குப் பெரிய டாக்டர் கார் சாவியோடு படியிறங்கினார். அவள் குறுக்கே போய் நின்றாள். அவர் தாள்களைக் கார் மூக்கின்மேல் வைத்து, முதல் பக்கத்தில் தன் பெயருக்குப் பின்னால் பட்டங்கள் வரிசையாக இருக்கின்றனவா என்று பார்த்தார். இருந்தன. இரண்டாம் பக்கத்தைப் புரட்டினார். மூன்றாம் பக்கத்தைப் புரட்டினார். நான்காம் பக்கத்தில் அவர் கண் கீழே இறங்கியது.

“இங்க தேதி போடலையே?”

“நீங்க போடறதுக்குன்னு விட்டிருக்கேன், சார்.”

“நல்ல பழக்கம்,” என்று சொல்லித் தேதியைப் போட்டார். கையெழுத்தைப் போட்டார். கார் கிளம்பிப் போயிற்று.

அடுத்தது ஹெட்கிளார்க். மந்தணக் கடிதங்களுக்கு, அதாவது ரகசியக் கடிதங்களுக்கு, அவர்தான் பொறுப்பு. அவள் கடிதத்தை நீட்டியதும் சூடு பட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டார்.

“இதை நீ தொடக் கூடாதும்மா! இது மந்தணம்.”

“கையெழுத்து வாங்கினதே நான்தானே, சார்.”

“அது கையெழுத்து வாங்கறதுக்கு முன்னாடி. அப்ப அது வெறும் தாள். இப்ப மந்தணம். இதை டாக்டர்கிட்ட இருந்து ஒரு ஊழியர் வாங்கி வந்து எங்கிட்ட ஒப்படைக்கணும்.” அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். அவர்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லை. “நீ ஊழியர்தானே?”

“ஆமா சார்.”

“அப்ப ஊழியரா கொண்டு வா. விண்ணப்பதாரரா வராத.”

அவள் வெளியே போய் உள்ளே வந்தாள். பதிவேட்டில் ‘கொண்டுவந்தவர்’ என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட்டாள். கோந்து, அரக்கு, முத்திரை எல்லாம் வைக்கிறவர் நீண்ட விடுப்பில் இருந்ததால் அதையும் அவளே செய்தாள். அப்போது தாள் தெரியாமலிருக்க முகத்தைத் திருப்பிக்கொள்ளும்படி ஹெட்கிளார்க் சொன்னார். திருப்பிக்கொண்டாள். அரக்கு ஒரு சொட்டு விரலில் விழுந்தது.

“கடைசியா உறுதிமொழி. ‘மேற்படி கடிதத்தை நான் பார்க்கவில்லை. அதன் உள்ளடக்கம் அறியேன்.’ கீழ கையெழுத்து.”

அவள் பேனாவைப் பிடித்தபடி நின்றாள். “சார், இது பொய்யாச்சே. நான்தான் எழுதினேன்னு உங்களுக்கே தெரியும். இந்த மேஜையிலதான் அடிச்சேன்.”

ஹெட்கிளார்க் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. “எனக்குத் தெரிஞ்சது வேற, ஆபீசுக்குத் தெரிஞ்சது வேற. முப்பத்தொரு வருஷமா ரெண்டையும் நான் கலந்ததில்லை. அதனாலதான் இந்த நாற்காலியில இருக்கேன். நீ பார்க்கலைன்னு நீதானே சொல்லணும்? வேற யாரு சொன்னா நம்புவாங்க?”

அவள் கையெழுத்துப் போட்டாள். வீட்டுக்கு வந்ததும் கணவனிடம் நடந்ததைச் சொன்னாள். அவன் வெகுநேரம் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“அவங்க அதைப் படிச்சா உன்னை உள்ள எடுப்பாங்களா, வேலைய விட்டுத் தூக்குவாங்களா?”

“தெரியலைங்க.”

“தெரியாமதான் எழுதினியா?”

“எழுதும்போது அந்தக் கேள்வி வரல,” என்றாள் அவள்.

வெள்ளிக்கிழமை கல்லூரி வராந்தாவில் அறுபது பேர் மடியில் அரக்கு வைத்த உறையோடு உட்கார்ந்திருந்தார்கள். அறுபது பேரும் அதன் உள்ளடக்கம் அறியாதவர்கள். பக்கத்தில் இருந்த ஆய்வுக்கூடத்துப் பெண் ஒருத்தி வெளிறிய முகத்தோடு அவள் காதருகே குனிந்தாள். “அக்கா, ‘தன்னலமற்ற’ன்னு எழுதறப்ப ரெண்டு சுழியா, மூணு சுழியா?”

“ரெண்டு சுழி.”

“போச்சு,” என்று அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டாள்.

உள்ளே நீள மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் குழுத் தலைவர். வலது பக்கம், அறுவை சிகிச்சைத் துறையின் வயதான பெண் டாக்டர். இடது பக்கத்தில் இருந்தவர் கடைசிவரை எதுவும் பேசவில்லை. அவர் எதற்காக வந்தார் என்பது யாருக்கும் தெரியவில்லை.

“உட்காருங்க,” என்றார் தலைவர். “இருபத்தேழு வருஷமா இந்தக் குழுவுல இருக்கேன். இதுவரைக்கும் ஒரு சுமாரான ஆளுக்குக்கூடப் பரிந்துரைக் கடிதம் வந்தது கிடையாது. எல்லாருமே அபாரமானவங்க. அதுல இருந்தே தெரியலையா, இந்த முறை எவ்வளவு கச்சிதமா வேலை செய்யுதுன்னு?”

அரக்கை உடைத்தார். முதல் மூன்று பக்கத்தையும் கொட்டாவியோடு கடந்தார். நான்காம் பக்கத்தில் அவர் விரல் நின்றது. ஒரு தடவை படித்தார். கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு மறுபடி படித்தார். தாளைப் பெண் டாக்டர் பக்கம் நகர்த்தினார். அவரும் படித்தார்.

“இதுல எழுதியிருக்கறது உண்மையா?” என்றார் தலைவர்.

அவள் வாயைத் திறந்து மூடினாள். ஆமாம் என்றால் உறுதிமொழி பொய். இல்லை என்றால் கடிதம் பொய். உறுதிமொழி அவர் கை முட்டியின் கீழே, அவள் கையெழுத்தோடு கிடந்தது.

“என்னம்மா, கேக்கறேன்ல? தகுதியில்லாத ஆள் அறுவை சிகிச்சை பண்றது குற்றம். உங்க டாக்டர் உங்களைப் புகழ்ந்திருக்காரா, போலீஸ்ல புடிச்சுக் குடுத்திருக்காரா? உண்மையா, இல்லையா?”

“சார், கடிதத்துல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியக் கூடாது,” என்றாள் அவள். “என்ன நடந்ததுன்னு கேளுங்க. அதைச் சொல்றேன்.”

தலைவர் முகத்தில் குழப்பம். பெண் டாக்டர் முன்னால் சாய்ந்தார்.

“நான் கேக்கறேன். எந்தப் பக்கத்து முடிச்சு நழுவியிருந்தது?”

“வலது பக்கம், மேடம். கிட்னிக்குக் கொஞ்சம் கீழ.”

“வயிறு முழுக்க ரத்தம் இருந்திருக்குமே. எப்படித் தெரிஞ்சது?”

“முதல்ல எதுவும் தெரியல. துணியால ஒத்தி ஒத்தி எடுத்தேன். அப்புறம் சிறுகுடலோட முதல் வளைவைத் தூக்கி இடப்பக்கமா ஒதுக்கினேன். குடல் மொத்தமும் அது கூடவே வந்துடுச்சு. அடியில குழாய் துடிச்சுக்கிட்டிருந்தது.” அவளையறியாமல் இரண்டு கையும் மேஜைக்கு மேலே எழுந்திருந்தன. இடது கை எதையோ ஒதுக்கிப் பிடித்திருந்தது. “விரலால நசுக்கிப் பிடிச்சுக்கிட்டேன். ஒத்தைக் கையால கட்ட வரல. நாய்க்காரரைக் கூப்பிட்டு நூலோட ஒரு நுனியைப் பிடிக்கச் சொன்னேன். அவர் அழுதுக்கிட்டே பிடிச்சார்.”

“இந்த ஒதுக்கற முறையை யாரு சொல்லிக் குடுத்தா?”

“யாரும் சொல்லல, மேடம். பன்னிரண்டு வருஷமா எதிர்ல நின்னு பார்த்துக்கிட்டிருக்கேன்.”

பெண் டாக்டர் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். தலைவருக்கு இந்தப் பேச்சு நடைமுறையை விட்டு எங்கோ போவதாகப் பட்டது. போனை எடுத்து மேஜை நடுவில் வைத்து, பெரிய டாக்டரின் எண்ணை அழுத்தினார். மூன்றாவது மணியிலேயே எடுத்துவிட்டார்.

“டாக்டர், உங்க பரிந்துரைக் கடிதம் எங்க முன்னாடி இருக்கு. நீங்களே எழுதினதுதானே?”

“என்ன சார் இப்படிக் கேட்டுட்டீங்க!” குரல் அறை முழுவதும் நிறைந்தது. “ஒவ்வொரு எழுத்தும் என்னோடது. மூணு நாள் யோசிச்சேன். ஒரு வார்த்தையைக்கூட மாத்த மாட்டேன். வேணும்னா எந்த மேடையிலயும் படிக்கறேன்.”

“சந்தோஷம். அப்ப அந்த ஆபரேஷன் அன்னிக்கு நீங்க ஆஸ்பத்திரியில இல்லை?”

டிரஸ்ஸர் அக்கா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“கடிதத்துல,” என்றது குரல் மெதுவாக, “கடிதத்துல அப்படியா இருக்கு?”

“அப்படித்தான் இருக்கு. உங்க கையெழுத்தோட.”

போனில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. பின்பு, “அப்ப அப்படித்தான்,” என்றது குரல். போன் அணைந்தது.

தலைவர் நிம்மதியாக மூச்சு விட்டார். எழுத்தரைக் கூப்பிட்டுக் குறிப்பு சொல்லத் தொடங்கினார். “எழுதிக்கோ. கடிதம் அவரே எழுதியது என்று உறுதி செய்யப்பட்டது. ‘உண்மையா’ என்று கேட்டபோதும் விண்ணப்பதாரர் உள்ளடக்கம் தெரியாது என்றார். ஆகவே மந்தணம் காக்கப்பட்டது. பதினொன்றாம் விதி முழுமையாகப் பின்பற்றப்பட்டது. முற்றுப்புள்ளி.”

“அந்த ஆபரேஷன், சார்?” என்றார் எழுத்தர்.

“அது அந்த டாக்டரோட கருத்து. கருத்தை விசாரிக்க நமக்கு அதிகாரம் இல்லை.”

அவள் எழுந்து கதவை நோக்கிப் போனாள். பின்னாலிருந்து பெண் டாக்டரின் குரல் கேட்டது. “இந்தாம்மா. அந்த நாய் என்ன ஆச்சு?”

இத்தனை நாளில் நாயைப் பற்றி யாரும் கேட்டதில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

“நல்லா இருக்கு, மேடம். போன மாசம்கூட ஒருத்தரைக் கடிச்சு வெச்சுது.”

மாலை ஐந்தேகாலுக்குப் பட்டியல் ஒட்டினார்கள். நான்கு எண்களில் மூன்றாவது அவளுடையது. ஷெட்டுக்குப் போன் செய்தாள். அந்தப் பக்கம் சுத்தியல் சத்தம் நின்றது. அப்புறம் கணவன் யாரிடமோ, “டேய், டீ சொல்லு, எல்லாருக்கும் சொல்லு,” என்று கத்துவது கேட்டது.

சனிக்கிழமை அவள் வழக்கம்போல் வேலைக்குப் போனாள். பெரிய டாக்டர் உடல்நலக் குறைவு என்று காலவரையற்ற விடுப்பில் போயிருந்தார். அறை பூட்டியிருந்தது. ஒன்பதரை மணிக்கு ஒரு அம்மாள் ஆட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். ஆட்டின் இடது வயிறு பானைபோல உப்பியிருந்தது. நாக்கு வெளியே தள்ளியிருந்தது. மூட்டை அரிசியில் வாய் வைத்துவிட்டதாம்.

ஹெட்கிளார்க் வாசலுக்கு வந்து பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “டாக்டர் இல்லை. நீ பார்த்து அனுப்பிடும்மா. எழுத்துல ஒண்ணும் வேண்டாம்.”

“எழுத்துல வேணும், சார்,” என்றாள் டிரஸ்ஸர் அக்கா. ரப்பர் குழாயைத் தேடி எடுத்து எண்ணெய் தடவ ஆரம்பித்திருந்தாள். “டாக்டர் இல்லாததால என்னைப் பார்க்கச் சொன்னீங்கன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க.”

அவர் பேனாவை எடுத்தார். தாளை எடுத்தார். உட்கார்ந்தார். முப்பத்தொரு வருஷத்தில் அவர் தானாக ஒரு வாக்கியம் எழுதியதில்லை.

“என்னன்னு ஆரம்பிக்கறது?”

“உங்களுக்குத் தெரிஞ்சதை எழுதுங்க,” என்றாள் அவள், ஆட்டின் முன்னங்காலைத் தூக்கி முழங்காலில் சாய்த்தபடி.

குழாய் ஆட்டின் வாய்வழியே வயிற்றுக்குள் இறங்கியது. ஆட்டுக்காரம்மாள் ஆட்டின் தலையைப் பிடித்துக்கொண்டாள். ஹெட்கிளார்க் முதல் சொல்லை எழுதி, அடித்து, மறுபடி எழுதினார். கொஞ்ச நேரம் எதுவும் நடக்கவில்லை. அப்புறம் ஆடு, அறை முழுவதும் நாற, நீளமாக ஓர் ஏப்பம் விட்டது.